பேடன்ட் ஆபீஸ்லயும் லேடீஸ் க்யூ!

தியேட்டர் வாசல் காட்சி ஒன்றை எங்க அம்மா அடிக்கடி சொல்வாங்க. ஆண்கள் வரிசை தெருமுனை வரைக்கும் நீண்டிருக்கும். பெண்கள் வரிசையில் நாலே பேர். உடனே முன்னப்பின்ன தெரியாத ஒரு அண்ணன் ஓடி வந்து, "தங்கச்சி, அப்படியே எனக்கும் ரெண்டு டிக்கெட் எடுத்துக் குடும்மா!"ன்னு காசை நீட்டுவாராம்.

போன செமஸ்டரில் எனக்கும் அதே காட்சி. டிக்கெட்டுக்குப் பதில் பேடன்ட். காசை நீட்டிய அண்ணன்கள், என் சொந்த புராஜெக்ட் டீம்!

"பொண்ணு ஒருத்தர் அப்ளிகன்டா இருந்தா பேடன்ட் சீக்கிரம் கிடைக்குமாம். உன் பேரைச் சேர்த்துக்கிறோம், ஓகேவா?" என்றான் டீம் லீடர். ஏதோ பிறந்தநாள் கேக்கில் எனக்கும் ஒரு துண்டு வெட்டுவது மாதிரி சொன்னான். அந்தப் பட்டியலில் அதுவரை என் பெயரே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது!

பூப்பெட்டியும் நாலு பேரும்

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். என் அம்மாச்சிக்கு நிலக்கோட்டை பக்கம். மல்லிகை மொட்டு மார்க்கெட்டில் இருந்து பஸ் ஏறி வெளியூர் போவதற்குள் பாதி மலர்ந்துவிடும். மலர்ந்தால் விலை போச்சு. கரன்ட் அதிகம் தின்னாத, பஸ்ஸில் வைக்கக்கூடிய ஒரு குளிர்ப்பெட்டி... இதுதான் எங்க மினி புராஜெக்ட். மூணு பசங்க, நான் ஒருத்தி.

முதல் பெட்டியில் ஈரத்துணியை உள்ளேயே வைத்தோம். குளிர்ச்சி சூப்பர். ஆனால், தண்ணி பட்ட மொட்டெல்லாம் மதியத்துக்குள் பழுப்பேறிப்போச்சு. "பூ மேல ஈரம் நின்னா கருகத்தான்டி செய்யும். பானை உள்ளுக்குள்ள குளுருதுல்ல, வெளியிலதானே கசியுது?" என்று அம்மாச்சி போகிறபோக்கில் சொன்னது என் மண்டையில் பல்பு எரிய வைத்தது. ரெட்டைச் சுவர் பெட்டி. நடுவில் நனைந்த தேங்காய் நார். அதன் வழியே சின்ன ஃபேன் காற்றை ஓட்டும். உள் பெட்டி குளிரும். ஆனால், சொட்டுத் தண்ணி உள்ளே வராது. நோட்டில் படம் வரைந்து, தேதி போட்டு, கைடு சாரிடம் கையெழுத்தும் வாங்கினேன்.

திண்டுக்கல் பக்கம் பெட்டி தயாரிக்கிற ஒருவர் ஆர்வமாகக் கேட்டார். "பேடன்ட் நம்பரோட வாங்க தம்பி, பேசலாம்" என்றார். நாங்க காலேஜை விட்டுக் கிளம்ப இன்னும் ஒன்றரை வருஷம்தான். அதற்குப் பிறகு நாலு பேரும் நாலு ஊரில், நாலு வேலையில் இருப்போம். பெட்டியை யார் தூக்கிக்கொண்டு அலைவது? அதனால்தான் அவசரம்.

கொடுத்தா மட்டும் போதாது, கேட்கவும் வேணும்!

நம்மில் பலர் நினைப்பது: அப்ளிகேஷன் போட்டால் அடுத்து பேடன்ட் ஆபீஸ் தானாகப் படித்துப் பார்க்கும் என்று. அதுதான் இல்லை. "என் விண்ணப்பத்தைப் பரிசோதியுங்கள்" என்று தனியாக ஃபார்ம் 18 போட்டு, தனியாகக் காசும் கட்ட வேண்டும். முதல் விண்ணப்பத் தேதியில் இருந்து 48 மாதங்களுக்குள் கேட்கலாம் என்று முன்பு இருந்தது. 2024 மார்ச்சில் வந்த திருத்தம் அதை 31 மாதங்களாகக் குறைத்துவிட்டது. கேட்காமல் விட்டால் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கியதாகவே கணக்கு!

சரி, கேட்டாச்சு. அதற்குப் பிறகு? வரிசை. 2014-15ல் இந்தியாவில் வந்த விண்ணப்பங்கள் 42,763. அந்த ஆண்டு வழங்கப்பட்ட பேடன்ட்கள் 5,978. தண்ணி லாரி முன்னால் குடம் வைத்துவிட்டு ஊருக்கே போய்விட்டு வரலாம் என்கிற நிலைமை. பிறகு பரிசோதகர்களை நிறைய எடுத்தார்கள், வேலையை ஆன்லைனுக்குக் கொண்டுபோனார்கள். 2023 மார்ச் முதல் 2024 மார்ச் வரையிலான ஒரே வருஷத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் பேடன்ட் வழங்கினார்கள். ஆனாலும், சாதா வரிசையில் நிற்கிறவருக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு சகஜம்.

காத்திருப்பது சும்மா பொழுதுபோகிற விஷயமில்லை பாஸ். பேடன்ட்டின் ஆயுள் 20 வருஷம். அது கிடைத்த நாளில் இருந்து அல்ல. விண்ணப்பித்த நாளில் இருந்தே ஓடத் தொடங்கிவிடும். வரிசையில் அஞ்சு வருஷம் போனால் கையில் மிச்சம் பதினஞ்சு. அது மட்டுமா? ஒருத்தர் காப்பியடித்தால், பேடன்ட் கையில் வந்த பிறகுதான் கேஸ் போட முடியும். பப்ளிஷ் ஆன நாளில் இருந்து நஷ்டஈடு கேட்கும் உரிமை உண்டு என்றாலும், கோர்ட் படி ஏற பேடன்ட் வேண்டும்.

தனி வரிசையில் யார் யாரெல்லாம்?

இதற்கு வழி சொன்னது எங்க சீனியர் அக்கா ஒருத்தர். சென்னையில் பேடன்ட் வேலை பார்க்கும் அலுவலகம் ஒன்றில் இருக்கிறார். "ஃபார்ம் 18 போடாதீங்க, 18ஏ போடுங்க" என்றார். விதி 24சி. துரித பரிசோதனை!

2016 மே மாதம் இந்த விதி வந்தபோது இரண்டே பேருக்குத்தான் கதவு திறந்தது. ஒன்று, மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்-அப். இன்னொன்று, பி.சி.டி. என்கிற சர்வதேச விண்ணப்பத்தில் இந்திய அலுவலகத்தையே தேடல் அமைப்பாகத் தேர்ந்தெடுத்தவர்கள். 2019 செப்டம்பரில் கதவை அகலமாகத் திறந்தார்கள். சிறு நிறுவனங்கள், அரசுத் துறைகள், அரசு நிறுவனங்கள், அரசு நிதியில் பெரும்பாலும் இயங்கும் அமைப்புகள் எல்லாம் உள்ளே வந்தன. கூடவே பெண்கள்!

அந்தப் 'பெண்கள்' விதியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விண்ணப்பதாரர்கள் எல்லோருமே தனிநபர்களாக இருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். எங்களை மாதிரி தனியார் காலேஜ் பெயரும் விண்ணப்பதாரராகச் சேர்ந்துவிட்டால் 'எல்லோரும் தனிநபர்' என்ற கணக்கு உடைந்துவிடும். பசங்க மட்டும் தனிநபர்களாகப் போனால் இந்தக் கதவு திறக்காது. ஸ்டார்ட்-அப் அங்கீகாரம், சிறு நிறுவனம் என்று வேறு கதவைத்தான் தட்ட வேண்டும்.

நம்ம டீம் லீடர் எதற்காக என்னைத் தேடி வந்தான் என்று இப்போது புரிகிறதா?

தகுதி இல்லாமல் 18ஏ போட்டால் விண்ணப்பம் செத்துப்போகாது. தகவல் சொல்லிவிட்டு சாதா வரிசைக்கு மாற்றிவிடுவார்கள். அவ்வளவுதான்.

வெளிநாடுகளிலும் இந்தச் சங்கதி உண்டு. அமெரிக்காவில் கண்டுபிடிப்பாளர் 65 வயது தாண்டியவர் என்றால், அதைக் காட்டியே முன்னால் போகலாம். அதற்குத் தனிக் கட்டணமும் கிடையாது. சுற்றுச்சூழலுக்கு நன்மை செய்யும் கண்டுபிடிப்புகளுக்காக பிரிட்டன் 2009ல் 'கிரீன் சேனல்' திறந்தது. யாரை முன்னால் விடுவது என்பதில் அந்தந்த நாட்டுக்கு ஒரு கணக்கு.

காலண்டரும் காசும்

துரித வரிசையில் ஒவ்வொருவருக்கும் கெடு இருக்கிறது. விண்ணப்பம் பரிசோதகர் கைக்குப் போனதில் இருந்து ஒரு மாதம், அதிகபட்சம் இரண்டு மாதங்களுக்குள் அவர் அறிக்கை தர வேண்டும். அதை கன்ட்ரோலர் ஒரு மாதத்துக்குள் பார்க்க வேண்டும். அடுத்த 15 நாட்களுக்குள் நமக்கு எஃப்.இ.ஆர், அதாவது முதல் பரிசோதனை அறிக்கை வரும். பதில் சொல்ல நமக்கு ஆறு மாதம். தேவைப்பட்டால் காசு கட்டி மூணு மாதம் நீட்டிக்கலாம். நம் கடைசி பதில் போய்ச் சேர்ந்ததும் மூணு மாதத்துக்குள் கன்ட்ரோலர் முடிவெடுக்க வேண்டும்.

கவனியுங்கள்... பரிசோதகருக்குக் கொடுத்த நேரத்தைவிட நமக்குக் கொடுத்த நேரம்தான் அதிகம். "பல கேஸ்ல லேட் பண்றது ஆபீஸ் இல்ல, அப்ளிகன்ட்தான். எஃப்.இ.ஆர் வந்ததும் செமஸ்டர் எக்ஸாம்னு ஓரமா வெச்சிடுவாங்க. அஞ்சு மாசம் கழிச்சு ஓடி வருவாங்க" என்று சிரிக்கிறார் அக்கா.

எவ்வளவு பறந்தாலும் தாண்ட முடியாத ஸ்பீடு பிரேக்கர் ஒன்று உண்டு. விண்ணப்பம் பப்ளிஷ் ஆகி ஆறு மாதம் முடியும் வரை பேடன்ட் வழங்கக் கூடாது. 'இது புதுசில்லை' என்று யாராவது எதிர்ப்புச் சொல்ல நினைத்தால் அவர்களுக்கான அவகாசம் அது. சாதாரணமாக 18 மாதம் கழித்துத்தான் விண்ணப்பமே வெளியில் தெரியும். அதனால் துரித வரிசைக்காரர்கள் ஃபார்ம் 9 போட்டு சீக்கிரம் பப்ளிஷ் செய்யச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் பேடன்ட் ஆபீஸ் ஜர்னலில் வந்துவிடும். வெள்ளிக்கிழமைதோறும் ஜர்னல் ரிலீஸ். நம்ம ஊர் சினிமா மாதிரி!

இப்போது பட்ஜெட். ஆன்லைனில் தனிநபர் விண்ணப்பத்துக்கு 1,600 ரூபாய். 30 பக்கம், 10 கிளெய்ம் வரைக்கும்தான் அந்த ரேட். அதற்கு மேல் எக்ஸ்ட்ரா. ஃபார்ம் 9க்கு 2,500. ஃபார்ம் 18ஏக்கு 8,000. மொத்தம் 12,100 ரூபாய். சாதா வரிசை என்றால் 1,600 ப்ளஸ் 4,000, ஆக 5,600தான். ஒரு பெரிய கம்பெனி இதே துரித ரூட்டில் போனால் 80,500 ரூபாய் கட்ட வேண்டும். ஏற்கெனவே ஃபார்ம் 18 போட்டுவிட்டவர்கள், தகுதி இருந்தால் தனிநபர் கணக்கில் இன்னும் 4,000 கட்டி துரித வரிசைக்கு மாறிக்கொள்ளலாம். இதெல்லாம் அரசாங்கக் கட்டணம் மட்டும். எழுதிக் கொடுக்கும் ஏஜென்ட் ஃபீஸ் தனி.

நாலு பேர் பாக்கெட் மணி, ஒருத்தனின் பகுதி நேர டியூஷன் சம்பளம்... எங்களுக்கு 12,100 என்பது விளையாட்டில்லை. அதனால்தான் அக்கா அடுத்து சொன்னதை உட்கார்ந்து கேட்டோம்.

வேகம் ஓகே... விவேகம்?

"சீக்கிரம் பாக்கிறாங்கன்னா சலுகை காட்டுறாங்கன்னு அர்த்தமில்ல. அதே கேள்விதான். அதே கறார்தான். பாஸ் ஆனாலும் சீக்கிரம், ஃபெயில் ஆனாலும் சீக்கிரம்!"

கடையில் வாங்கிய சென்சார், போர்டு, பஸ்ஸர் மூணையும் ஒயரால் இணைத்துவிட்டு 'கண்டுபிடிப்பு' என்று போனால், பேடன்ட் சட்டத்தின் 3(எஃப்) பிரிவு காத்திருக்கிறது. தெரிந்த பொருட்களைச் சும்மா அடுக்கி வைத்து, ஒவ்வொன்றும் அதனதன் வேலையை மட்டும் செய்தால் அது கண்டுபிடிப்பே இல்லை. வெறும் 'ஆப்' என்றால் 3(கே). கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு, அது மட்டும் என்றால் பேடன்ட் கிடையாது. 12,100 ரூபாய் கட்டி இந்த இரண்டு நம்பரையும் மூணே மாதத்தில் தெரிந்துகொள்வதைவிட, அதற்கு முன்னால் நாலு ராத்திரி உட்கார்ந்து, பேடன்ட் அலுவலகத்தின் இலவசத் தேடல் தளத்தில் தேடிப் பார்ப்பது லாபம்.

இன்னொரு ஆபத்து. சீக்கிரம் பப்ளிஷ் ஆனால் உலகமே உங்கள் ஐடியாவைப் படிக்கும். பிறகு அதே பெட்டியை நீங்களே கொஞ்சம் மேம்படுத்தி இன்னொரு பேடன்ட் கேட்டால், உங்கள் பழைய விண்ணப்பமே உங்களுக்கு எதிராக வந்து நிற்கும். அரைவேக்காட்டை அடுப்பில் இருந்து இறக்காதீர்கள். ஆறவும் விட மாட்டோம் என்று பயம் இருந்தால் அதற்கும் வழி உண்டு. முதலில் தற்காலிக விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பிடித்துவிட்டு, 12 மாதங்களுக்குள் முழு விவரம் தரலாம்.

அப்புறம் இந்த 'பப்ளிஷ்டு' மோகம். ஜர்னலில் வந்த மறுநாளே, 'காப்புரிமை பெற்ற எங்கள் மாணவச் செல்வங்கள்' என்று காலேஜ் கேட்டில் ஃப்ளெக்ஸ் கட்டுகிறார்கள். பப்ளிஷ் ஆவது என்றால் விண்ணப்பம் வெளியில் தெரிந்தது என்று மட்டுமே அர்த்தம். யாரும் இன்னும் பரிசோதிக்கவே இல்லை! ஃபார்ம் 9க்கு மட்டும் காசு கட்டி, ஃப்ளெக்ஸ் கட்டி, போட்டோ எடுத்து, பரிசோதனையே கேட்காமல் மறந்துபோகிற விண்ணப்பங்கள் எத்தனையோ. கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்துவிட்டு மண்டபத்துக்குப் போகாமல் இருப்பது மாதிரி.

என் பேர் எந்தக் கட்டத்துல?

மறுபடி எங்க கதைக்கு வருவோம். "அக்னாலட்ஜ்மென்ட்ல உன் பேரு இருக்குல்ல?" என்றார்கள் பசங்க. கெட்டவர்கள் இல்லை. வெல்டிங் பட்டறை, ஃபேன் கன்ட்ரோல் சர்க்யூட் என்று அலைந்தது அவர்கள். நான் 'ஐடியா சொன்ன பொண்ணு'. ஐடியா என்பது வேலையாகவே யாருக்கும் தெரியவில்லை.

அக்காவுக்கு போன் போட்டேன். "ஃபார்ம் 1ல ரெண்டு கட்டம் இருக்கு. அப்ளிகன்ட்னு ஒண்ணு, இன்வென்டர்னு ஒண்ணு. அப்ளிகன்ட்னா உரிமை கேட்கிறவர். இன்வென்டர்னா கண்டுபிடிச்சவர். உன்னை எந்தக் கட்டத்துல கேட்கிறாங்க?"

அப்ளிகன்ட் கட்டத்தில் மட்டும்.

சட்டம் சொல்வது இதுதான்: கண்டுபிடித்தவரோ, அவரிடம் உரிமையை எழுதி வாங்கியவரோதான் விண்ணப்பிக்கலாம் (இறந்துவிட்டால் வாரிசு). சும்மா ஒரு பொண்ணு பெயரைக் கடன் வாங்கி எழுத முடியாது. உரிமை எப்படி வந்தது என்று பத்திரம் காட்ட வேண்டும். பொய்யான விவரம் தந்து பேடன்ட் வாங்கினால் பின்னால் அதையே காரணமாக்கி ரத்து செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. வேகத்துக்காகப் போட்ட பெயரே வினையாகிவிடும்.

கைடு சார் ரூமில் மீட்டிங். என் நோட்டை மேஜையில் வைத்தேன். ரெட்டைச் சுவர் படம், தேதி, அவருடைய கையெழுத்து. சார் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, கண்டுபிடிப்பாளர் பட்டியலில் இருந்து முதலில் தன் பெயரை அடித்தார். "வழி காட்டினது என் வேலைம்மா. கண்டுபிடிச்சது நீங்க" என்றார். அறையில் சத்தமே இல்லை.

அடுத்து, கிளெய்ம்களை ஒவ்வொன்றாகப் படித்து 'இது யாருடையது' என்று கேட்டுக்கொண்டே வந்தோம். ரெட்டைச் சுவர் என்னுடையது. ஈரத்தை அளந்து ஃபேனை ஓட்டும் முறை இரண்டு பசங்களுடையது. பி.பி.டி. போட்டு, பெட்டி வாங்க ஆள் பிடித்த மூணாவது நண்பன் முகம் சுருங்கிப்போனது. அவனை விட்டுவிடவில்லை. எங்கள் உரிமையில் ஒரு பங்கை முறைப்படி எழுதிக் கொடுத்து அவனையும் விண்ணப்பதாரர் ஆக்கினோம். ஆக, கண்டுபிடிப்பாளர் மூணு பேர். விண்ணப்பதாரர் நாலு பேர். எல்லோரும் தனிநபர், அதில் ஒருத்தி பெண். 18ஏ போட முழுத் தகுதி. பொய்யில்லாமல்!

அதுவரை காலேஜ் சிம்போசியத்தில்கூட பெட்டியைக் காட்டவில்லை. விண்ணப்பத்துக்கு முன்னால் மேடையில் காட்டினாலோ, யூடியூபில் போட்டாலோ 'புதுமை' போய்விடும் என்பதால்தான். ஃபர்ஸ்ட் பிரைஸ் வேறு டீமுக்குப் போனது. வயிறு எரிந்தது நிஜம்.

இதை எழுதும்போது எங்கள் விண்ணப்பம் ஜர்னலில் வந்துவிட்டது. எஃப்.இ.ஆருக்காகக் காத்திருக்கிறோம். ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

கேம்பஸ் கண்டுபிடிப்பாளர் கவனத்துக்கு...

* நோட்டில் எழுதுங்கள். தேதி போடுங்கள். கையெழுத்து வாங்குங்கள். சண்டை வந்தால் பேசப்போவது அந்த நோட்டுதான்.

* முதலில் விண்ணப்பம், பிறகு மேடை. ஆர்டரை மாற்றாதீர்கள்.

* ஏஜென்ட் ஃபீஸுக்குப் பயமா? ஸ்டார்ட்-அப்களுக்காக 2016ல் தொடங்கிய எஸ்.ஐ.பி.பி. திட்டம் பிறகு கல்வி நிறுவனங்களுக்கும் விரிந்தது. உதவி செய்பவரின் கட்டணத்தை அரசே தருகிறது. அரசாங்கக் கட்டணம் மட்டும் நம்முடையது.

* 2020ல் மத்திய கல்வி அமைச்சகம் கலாம் பெயரில் தொடங்கிய 'கபிலா' திட்டம் பற்றி உங்கள் காலேஜில் கேளுங்கள். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் காப்புரிமைத் தகவல் மையத்தையும் அணுகலாம். பேடன்ட் அலுவலகமே சென்னை கிண்டியில் இருக்கிறது.

* 2024 விதிகளின்படி கண்டுபிடிப்பாளருக்குத் தனிச் சான்றிதழ் கேட்டு வாங்கலாம். பேடன்ட் வேறு யார் பெயரில் இருந்தாலும், 'கண்டுபிடித்தது நான்' என்று சொல்லும் காகிதம் அது.

* தோழிகளே, "உன் பேரைச் சேர்த்துக்கிறோம்" என்று யாராவது வந்தால் சந்தோஷப்படும் முன் ஒரே ஒரு கேள்வி: "எந்தக் கட்டத்துல?"

போன வாரம் அம்மாச்சியிடம் ஜர்னல் பக்கத்தை பிரின்ட் எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இங்கிலீஷ் எழுத்துகளைத் தடவிப் பார்த்தார்.

"இதுல உன் பேரு எங்கடி இருக்கு?"

தொட்டுக் காட்டினேன்.

"ம்ம்... பானையைப் பத்திச் சொன்னது நான்தானே?" என்றார்.

அடுத்த மீட்டிங் எங்க வீட்டுத் திண்ணையில்!